மாதாவின் போர்வைக்குள் பதினோராவது ஆள்

மொந்தேசெக்கோ,
மங்கள வார்த்தைத் திருநாள், 1371

அன்புள்ள தெஸ்ஸா அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி நூச்சோ உயிரோடு ஊர் வந்து சேர்ந்தேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பிந்தோ அத்தானின் இருமல்? வீட்டுக் கோழிகள்? மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும்.

கோவேறு கழுதை என்னை வழியில் இரண்டு முறை கீழே தள்ளியது. முதல் முறை கால் இடறி. இரண்டாவது முறை யோசித்து. ஐம்பதை நெருங்குகிற தொந்திக்காரன் சாரம் ஏறிச் சுவரில் படம் எழுதப் போகிறான் என்று அதற்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

இந்த ஊர்க் கோயிலில் வாசல் சுவர் முழுக்க, உலக முடிவில் ஆண்டவர் சொல்லும் கடைசித் தீர்வையைப் படமாக எழுத வேண்டும். நடுவில் ஆண்டவர். அவருக்கு வலப்பக்கம் மோட்சம், இடப்பக்கம் நரகம். மோட்சப் பக்கம் கதவை ஒட்டி, ஆள் உயரத்தில், மாதா தன் நீலப் போர்வையை இரண்டு கையாலும் விரித்து நிற்பாள். அதற்குள் ஊர்ப் பெரியவர்கள் பத்துப் பேர் முழந்தாளிட்டிருப்பார்கள். பத்து, பதினொன்று இல்லை என்று கோயிலைப் பார்த்துக்கொள்கிற ஸனோபி சாமியார் விரலை மடக்கி எண்ணிக் காட்டினார்.

சேதி அதற்குள் பரவிவிட்டது. மாவரைக்கிறவர் ஒரு பாலாடைக்கட்டியோடு வந்தார். "என்னை வலப்பக்கம் போட்டுடுங்க ஐயா. மூலையில நின்னாலும் பரவாயில்ல" என்றார். ரொட்டிக்காரி வெறுங்கையோடு வந்தாள். "என்னை எங்க வேணா போடுங்க. பக்கத்து வீட்டுக்காரிய மட்டும் இடப்பக்கம் போடுங்க. சின்ன நெருப்பு போதும். நான் என்ன ராட்சசியா?" மனுஷன் சம்பாதித்த மோட்சத்தைக் கடவுள் தருகிறாரோ இல்லையோ, இங்கே நான் தர வேண்டியிருக்கிறது.

நம் ஊர்க் கோயில் சுவர் நினைவிருக்கிறதா? பூசை நேரத்தில் நாம் பிசாசுகளை எண்ணுவோம். நீ பதினேழு என்பாய், நான் பதினெட்டு என்பேன். பூனை மூஞ்சிப் பிசாசுக்கு நீ பெரியப்பாவின் பெயரை வைத்தாய். பெரியப்பாவை அடக்கம் பண்ணின அன்று நான் சிரித்து அடி வாங்கியது அதனால்தான். இன்றுவரை நீ அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை.

கடிதம் கொண்டுபோகிற கழுதைக்காரர் கூப்பிடுகிறார். மாதா உங்களைக் காக்கட்டும். என்னைச் சாரம் காக்கட்டும்.

நூச்சோ


வால்தோர்னா,
புனித ஜார்ஜ் திருநாளுக்கு மறுநாள்

தம்பி நூச்சோவுக்கு அக்கா சொல்ல, அத்தான் எழுதுவது.

முழங்கால் மழை வருவதை முன்கூட்டிச் சொல்கிறது. இருமல் அப்படியே இருக்கிறது. கோழிகளில் ஒன்றை நரி கொண்டுபோனது. மற்றவை உன்னை விட ஒழுங்காக இருக்கின்றன. நீ வேளைக்குச் சாப்பிடு. வெறும் பாலாடைக்கட்டியைத் தின்றுவிட்டு வயிறு வலிக்கிறது என்று எழுதாதே.

பிசாசுகள் பதினேழுதான். நீ ஏவாளையும் சேர்த்து எண்ணினாய். (இதை அவள் சொன்ன விதம் இன்னும் காரமாக இருந்தது. நான் குறைத்து எழுதுகிறேன். – பிந்தோ)

அந்தச் சுவர் எனக்கும் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. கஷ்கொட்டையைச் சுட்டு முந்தானையில் மறைத்துக் கொண்டுபோய், தூண் பின்னால் உட்கார்ந்து தின்போமே. நரகத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்து தின்றால்தான் உனக்கு ருசிக்கும்.

ஒன்று கேட்க மறந்தேன். அந்தச் சுவரில் அடியில் ஒரு சின்ன இடம் இருந்ததல்லவா, நெருப்பும் இல்லாமல் வெளிச்சமும் இல்லாமல்? அதில் யார் இருந்தார்கள்? உன் சுவரில் சின்னப் பிள்ளைகளை எங்கே வைக்கப் போகிறாய்? ரொம்பச் சின்னதுகளை. சும்மாதான் கேட்கிறேன்.

பெட்டியில் இருக்கிற துணிகளைப் பூச்சி தொடவில்லை. அவரையும் நன்றாகக் காய்த்திருக்கிறது. சொல்ல வேறொன்றும் இல்லை.

அக்கா


மொந்தேசெக்கோ,
ஆண்டவர் பரலோகம் எழுந்த திருநாள்

அவரை காய்த்த செய்தி கேட்டு மகிழ்ந்த தம்பி எழுதுவது.

நான் சுகம். இடுப்பு மட்டும் அதன் போக்கில் போகிறது. தினமும் காலையில் அன்றைக்கு எழுதி முடிக்கிற அளவுக்கு மட்டும் சுண்ணாம்பு பூச வேண்டும். ஈரம் காய்வதற்குள் எழுதியது சுவர் இருக்கும்வரை இருக்கும்; கல்லோடு கல்லாகிவிடும். மாதாவின் நீலம் மட்டும் ஈரச் சுண்ணாம்போடு ஒத்துப்போகாத மாமியார். எல்லாம் காய்ந்த பிறகு, கடைசியில், பசை கலந்துதான் அதைப் பூச வேண்டும்.

பிள்ளைகளைக் கேட்டிருந்தாய். சிறகு முளைத்த பிள்ளைகளாக நாற்பது சம்மனசுகள் மேகத்தின் மேல் பறக்கின்றன. நாற்பதுக்கும் ஒரே முகம். நாற்பது முகம் யோசிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? கீழே நின்று பார்த்த ரொட்டிக்காரி, "எல்லாரும் ஒரே தாய்க்குப் பொறந்ததா? பாவம் அவ" என்றாள்.

இராயப்பர் சாவியோடு மோட்ச வாசலில் நிற்கிறார். அவருக்கு அத்தானின் மூக்கை வைத்திருக்கிறேன். சாவி கொடுத்தால் தொலைக்காத ஆள் எனக்குத் தெரிந்து அத்தான் ஒருவர்தான்.

முழங்காலுக்கு ஆலிவ் எண்ணெய் தடவு.

நூச்சோ


வால்தோர்னா,
ஸ்நாபக அருளப்பர் திருநாள்

தம்பிக்கு,

எல்லாரும் சுகம். நல்ல வெயில். பெட்டியைத் திறந்து துணிகளை வெயிலில் போட்டிருக்கிறேன்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

அக்கா


மொந்தேசெக்கோ,
மதலேன் மரியம்மாள் திருநாள்

உலகத்திலேயே சின்னக் கடிதம் எழுதுகிற அக்காவுக்கு,

வெயிலில் நானும் சுகமாக வறுபடுகிறேன். நரகம் எழுதுவதற்கு ஏற்ற மாதம் இதுதான். மாதிரிக்கு எங்கும் போக வேண்டாம். அத்தான் இருமலுக்குத் தேன் சாப்பிடுகிறாரா?

நரகத்தில் என்னையும் எழுதியிருக்கிறேன். எழுதுகிறவன் தன்னை அங்கே போட்டுவிட்டால் ஊரில் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள் என்பது பழைய தந்திரம். தொந்திக்காரன் ஒருவன் வெறுங்கையோடு ஓடுகிறான். மாவரைக்கிறவர் பார்த்துவிட்டு, "நல்லா ஓடுறீங்க ஐயா, நேர்ல பார்த்தா நம்ப முடியாது" என்றார்.

ஸனோபி சாமியாரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், "சாமி, பச்சைப் பிள்ளைகளை எங்க போடறது?" என்று. அவர் சொன்னார்: "ஞானஸ்நானம் ஆகி நெத்தித் தைலத்துக்கு மேல வெள்ளைத் துணி கட்டின பிள்ளைங்க மோட்சத்துல. மத்தது... அதெல்லாம் சுவருக்கு வேண்டாம்ப்பா. ஜனங்க கலங்கும்."

அவ்வளவுதான் அவர் சொன்னது. இங்கே அத்திப்பழம் மலிந்து கிடக்கிறது. நாம் பெரியப்பா தோட்டத்தில் அத்தி திருடி, நீ மரத்தில் மாட்டிக்கொண்டு, நான் மட்டும் ஓடிவந்தது நினைவுக்கு வந்தது.

நூச்சோ


மொந்தேசெக்கோ,
மாதா மோட்சத்துக்கு எழுந்தருளிய திருநாள்

அக்கா,

கடிதம் வரவில்லை. கழுதைக்காரர் இரண்டு தடவை வந்து போய்விட்டார். "ஒண்ணும் குடுக்கலைங்க. அம்மா கதவச் சாத்திட்டாங்க" என்கிறார்.

உடம்பு எப்படி? அத்தி மரத்து விஷயத்துக்குக் கோபமா? முப்பத்தைந்து வருஷம் கழித்தா?

ஒரு வரி எழுதச் சொல்.

நூச்சோ


வால்தோர்னா,
மாதா பிறந்த திருநாள்

மச்சான் நூச்சோவுக்கு பிந்தோ எழுதுவது. இது அவள் சொல்லி எழுதுவதல்ல. அவள் சந்தைக்குப் போயிருக்கிறாள். நலம் விசாரித்ததாக வைத்துக்கொள்.

அவள் என்ன கேட்கிறாள் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எனக்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் "சும்மாதான் கேட்கிறேன்" என்று என் கையாலேயே எழுதவைக்கிறாள். இருபத்தொரு வருஷத்தில், பிறந்த அன்றே போன எங்கள் பிள்ளையைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் தைத்த அந்த வெள்ளைத் துணி, ஓரத்தில் சிவப்பு நூல் ஓடியது, யார் தலையிலும் கட்டாமல் பெட்டியில் இருக்கிறது. வருஷா வருஷம் அருளப்பர் திருநாளில் வெயிலில் போடுவாள். நான் கம்பளிக் கிடங்குக்குப் போய்விடுவேன்.

அன்று அவள் நினைவில்லாமல் கிடந்தாள். மருத்துவச்சி உள்ளே இருந்து கத்தினாள், "பிள்ள நிக்காது போலிருக்கு, யாராவது தண்ணி ஊத்துங்க!" என்று. ஜாடி என் கையில் இருந்தது. பெற்ற தகப்பனே ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றினால் தன் பிள்ளைக்கே ஞானத் தகப்பன் ஆகிவிடுவான், பிறகு பெண்சாதி அவனுக்கு ஞான உறவு, இரண்டு பேரும் ஒரு கூரையின் கீழ் வாழக் கூடாது என்று நம் ஊரில் சொல்வார்களே. தெஸ்ஸாவைப் பிரிய வேண்டும் என்று பயந்தேன். உன்னைப் பார்த்தேன். நீ சாமியாரைக் கூட்டிவர ஓடினாய்.

பத்து வருஷம் கழித்து ஒரு சந்நியாசி வேறு ஏதோ பேச்சில் சொன்னார், சாகிற நேரத்தில் தகப்பன் ஊற்றலாம், அதனால் ஒன்றும் பிரியாது என்று. அவளிடம் அதை நான் சொல்லவில்லை.

நீ உன் பங்கை எழுதினால் நானே வாசித்துக் காட்டுவேன். பிறகு என் பங்கைச் சொல்வேன். தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

பிந்தோ


மொந்தேசெக்கோ,
அதிதூதர் மிக்கேல் திருநாள்

அக்கா,

இதை அத்தான் வாசிக்கும்போது குறுக்கே பேசாதே. பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

நீ கேட்ட இடத்தில் இருந்தது ஞானஸ்நானம் இல்லாமல் போன பிள்ளைகள். உனக்கும் தெரியும். கேட்டபோதே எனக்கும் புரிந்தது. நான் சம்மனசைப் பற்றி எழுதினேன், அத்திப்பழத்தைப் பற்றி எழுதினேன். வாய் உள்ளவன் ஓடுவதற்குக் கால் தேவையில்லை.

அன்று நான் சாமியாரைத் தேடி ஓடினேன் என்றுதானே உனக்குச் சொன்னார்கள். ஓடியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவசரத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம், வார்த்தைகள் சரியாக இருந்தால் போதும் என்று கோயிலில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எனக்கு வார்த்தைகள் தெரியும். பிதாவுக்கு முன்னால் சுதனைச் சொல்லிவிடுவேனோ, தப்பாகச் சொன்னால் பிள்ளைக்கு ஆகாமல் போய்விடுமோ என்று பயம். "சாமியாரக் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அவர் திராட்சைத் தோட்டத்தில் இருந்தார். குன்றுக்கு அந்தப் பக்கம். வழியெல்லாம் வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓடினேன் அக்கா. நாற்பது தடவை சொல்லியிருப்பேன். நாற்பது தடவையும் சரியாகத்தான் சொன்னேன். எதிரில் பிள்ளை இல்லை.

திரும்பி வந்தபோது மருத்துவச்சி வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

கல்லறைச் சுவருக்கு வெளியே சீமை மாதுளை மரத்தடியில் குழி தோண்டியது நான்தான். அதற்குப் பிறகுதான் ஊர் ஊராக வேலை தேடிப் போக ஆரம்பித்தேன். நல்ல கூலி என்று உன்னிடம் சொன்னேன்.

ஜாடியைப் பற்றி அத்தான் சொல்வார்.

மாதாவின் போர்வையை இன்னும் எழுதவில்லை. நீ சொல்கிறபடி செய்கிறேன்.

நூச்சோ


வால்தோர்னா,
புனித லூக்காஸ் திருநாள்

நூச்சோவுக்கு,

இதை எழுதுவது உன் அத்தான் இல்லை. நோட்டரியைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறேன். உன் அத்தான் பத்து நாளாகக் கம்பளிக் கிடங்கில் படுக்கிறார். சோறு அனுப்புகிறேன். முகத்தைப் பார்க்கவில்லை.

இருபத்தொரு வருஷமாக நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் நாள்தான் பொல்லாத நாள், பக்கத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை, தெரிந்தவர் தூரத்தில் இருந்தார் என்று. இப்போது பார்த்தால் பக்கத்தில் ஜாடி இருந்திருக்கிறது. தண்ணீர் இருந்திருக்கிறது. வார்த்தை தெரிந்தவன் ஒருவன், கை உள்ளவன் ஒருவன், இரண்டு மலைமாடுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கின்றன.

என்னைப் பிரியக் கூடாது என்றுதான் ஊற்றவில்லையாம். அதைக் கேட்டு அழுவதா, ஜாடியைத் தூக்கி அடிப்பதா என்று தெரியவில்லை. ஜாடியைத் தூக்கி அடித்தேன். (உடைந்த துண்டுகளை அடியேன் கண்ணால் கண்டேன். – நோட்டரி)

இப்போது கேள். அந்தப் பிள்ளையைப் போர்வைக்குள் எழுது. பெரிய மனுஷர்களுக்குப் பின்னால் இல்லை, முன்னால். தலையில் துணி கட்டாதே. கட்டாததைக் கட்டியதாகக் காட்டினால் அது வேறு யாருடைய பிள்ளையோ ஆகிவிடும்.

எழுதிவிட்டு எனக்குச் சொல். அதுவரை நலம் விசாரிக்காதே.

தெஸ்ஸா


மொந்தேசெக்கோ,
புனித மார்ட்டின் திருநாள்

அக்கா,

எழுதிவிட்டேன்.

அன்று காலை ஒரு கையகலத்துக்கு மட்டும் சுண்ணாம்பு பூசினேன். இந்தச் சுவரில் அவ்வளவு சின்ன நாள் வேலை வேறு கிடையாது. பிள்ளையை நோக்கி மாதாவின் முழங்கால் கொஞ்சம் வளைந்திருக்கிறது. தலையில் துணி இல்லை. காது உன்னுடையது. சுண்ணாம்பு காயாதபடி தண்ணீர் தெளித்துத் தெளித்து எழுதினேன். மொத்தச் சுவரிலும் இத்தனை தண்ணீர் பட்ட முகம் வேறு இல்லை. எழுதும்போது வார்த்தைகளைச் சொன்னேன். அதனால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். சரியாகச் சொன்னேன்.

ஸனோபி சாமியார் வந்து குனிந்து பார்த்தார்.

"இது யாரு? பத்துன்னுதானே பேச்சு?"

"சின்ன ஆள் சாமி. இடத்த அடைக்காது."

"தலையில துணி எங்க?"

"இல்ல சாமி."

"கட்டு."

"கட்ட முடியாது சாமி."

அவர் என்னையும் பார்த்தார், பிள்ளையையும் பார்த்தார். நான் இரண்டு தடவை தும்மினேன். கடைசியில் சொன்னார்: "அப்ப மூடிடு. போர்வைய அந்தப் பக்கம் இழுத்து, நீலத்தப் போட்டு மூடு. நான் பார்த்ததா இருக்க வேண்டாம்."

மூடிவிட்டேன். கோபப்படுவதற்கு முன் கேள். ஈரத்தில் எழுதியது சுவரோடு இருக்கும். காய்ந்த பின் பசையில் பூசிய நீலம் இருக்காது. பொடிப்பொடியாக உதிரும். அறுபது வருஷமோ எழுபதோ, போர்வை தானாக விலகும். இது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். சாமியாருக்குத் தெரியாது என்றுதான் நினைத்தேன். ஆனால் கதவு வரை போனவர் நின்று, "மெல்லிசாவே போடு" என்றார். அன்றிலிருந்து அதை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கதவுப் பக்கமிருந்து எண்ணினால், பிள்ளை இருப்பது போர்வையின் மூன்றாவது மடிப்பில்.

இங்கே வேலை முடிந்தது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மடத்தில் சமையல்கூடச் சுவருக்கு ஆள் தேடுகிறார்களாம். நலம் விசாரிக்கவில்லை, சொல்பேச்சுக் கேட்கிறேன்.

நூச்சோ


மொந்தேசெக்கோ,
பாஸ்கு கழிந்து மூன்றாம் வாரம், 1372

தம்பி நூச்சோவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குப் புரிந்திருக்கும். ஆமாம், அத்தான்தான் எழுதுகிறார். கிடங்கில் எலித் தொல்லையாம். (எலி எதுவும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவளே வந்து என் போர்வையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். – பிந்தோ)

இரண்டு பேரும் கோவேறு கழுதையில் வந்தோம். என்னைத் தள்ளவில்லை. உன் மேல்தான் அதற்கு வருத்தம் போலிருக்கிறது. என் முழங்கால் பரவாயில்லை. நீ எப்படி இருக்கிறாய்? மடத்தில் வெந்நீர் கிடைக்கிறதா? கேட்டுவிட்டேன், போ.

கோயில் வாசலில் ஒரு பெண்பிள்ளை எங்களை நிறுத்தி, தான் மோட்சத்தில் எந்த இடத்தில் இருக்கிறாள் என்று காட்டினாள். ரொட்டி வாசனை அடித்தது. அவள் பக்கத்து வீட்டுக்காரியையும் நீ அவளுக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கிறாய். "முடிவில்லாத காலத்துக்கும் இவகூட நிக்கணுமாம்" என்று உன்னைத் திட்டினாள்.

நரகத்தில் ஓடுகிற அந்த ஆளைப் பார்த்தேன். தொந்தியைக் குறைத்துக்கொண்டிருக்கிறாய், வெட்கம் கெட்டவனே. அவன் எந்தப் பக்கம் ஓடுகிறான் என்று நீயே கவனித்தாயோ இல்லையோ. நான் அடி வைத்து அளந்து பார்த்தேன். இன்னும் பத்து அடி ஓடினால் போர்வைக்கு வந்துவிடுவான்.

பிறகு மடிப்பை எண்ணினோம். மூன்றாவது இது என்றேன் நான். அது நான்காவது என்றார் அத்தான். கோயிலுக்குள்ளேயே சண்டை. சாமியார் கையில் விளக்கோடு வந்தார். நாங்கள் யார் என்று கேட்கவில்லை. அத்தான் எண்ணியது தப்பு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அங்கே நீலம் தவிர ஒன்றும் தெரியவில்லை. தெரியாது என்று தெரிந்துதான் வந்தேன். பெட்டியில் இருந்ததை மடியில் கொண்டுவந்திருந்தேன். அத்தான் அதைப் பார்த்தார். கிடங்கு இல்லாததால் போக இடமில்லை, பக்கத்திலேயே நின்றார். நான் துணியை அந்த இடத்தில் வைத்தேன். அழுத்தவில்லை. யார் கேட்டாலும் சொல்வேன், அழுத்தவில்லை. அத்தான் என் கை மேல் கை வைத்தார். அவர்தான் கொஞ்சம் அழுத்தியிருக்க வேண்டும்.

எடுத்துப் பார்த்தோம். சிவப்பு நூல் ஓரத்துக்கு உள்ளே, அவரைக்கொட்டை அளவுக்கு நீலம் ஒட்டியிருக்கிறது.

இந்த வருஷம் அருளப்பர் திருநாளுக்கு வீட்டுக்கு வா. துணியை வெயிலில் போடப்போவதில்லை, நீலம் வெளுத்துவிடும். சும்மா எடுத்து வைத்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்திருப்போம். கஷ்கொட்டை அப்போது கிடைக்காது. அவரை இருக்கும்.

அக்கா